மலைகளை நோக்கி
(நூற்றாண்டு நன்றி ஆராதனையில் பழைய மாணவியர் சங்கத்தின் சார்பில் ஆற்றிய தியான உரை)



இன்றைய தியானத்துக்கு 121ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டோம். காலை வழிபாட்டில் நாம் மனனமாய்ச் சொன்ன சங்கீதம் இது. பதுளையில் படித்த நமக்கு அதன் முதல் வசனத்தை விளக்கத் தேவையில்லை. தலை நிமிர்ந்தால் நமுனுகுல மலை தெரியும்.

எருசலேமுக்கு ஏறிச் சென்ற யாத்திரிகரின் 15 ஆரோகண சங்கீதங்களில் இதுவும் ஒன்று, எட்டே வசனங்கள். நாம் படித்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், உதவி மலைகளிலிருந்து வருவதுபோல் முதல் வசனம் ஒலிக்கும். எபிரேய மூலத்திலோ அது ஒரு கேள்வி: எனக்கு உதவி எங்கிருந்து வரும்? இரண்டாம் வசனம் பதில் சொல்கிறது: மலையிலிருந்து அல்ல, அதைப் படைத்தவரிடமிருந்து.

கடைசி வசனம் நம் போக்கையும் வரத்தையும் பற்றியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியிருந்தது. ஊவாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறின. நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் போனார்கள். அவர்களின் போக்கைக் கண்டோம், வரத்தைக் காணவில்லை.

பின்னர் 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் காலை வேளையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடில்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால், போவதற்கு அந்த மக்களுக்குப் பாதுகாப்பான வேறு இடம் இருக்கவில்லை.

அதன்பின் இந்தச் சங்கீதத்தை எப்படி வாசிப்பது? நம்மில் சிலருக்கு வெகுநாள் வாய் வரவில்லை. காப்பார் என்று சொல்ல நா கூசியது. ஆயினும் வாசிப்பை விட்டுவிடவில்லை. விடாததினால் ஒன்றைக் கண்டுகொண்டோம்.

காத்தல் என்னும் எபிரேயச் சொல் இச்சங்கீதத்தில் ஆறு முறை வருகிறது. ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தில் காயீனின் வாயிலும் அதே சொல்லே இருக்கிறது. தன் சகோதரனுக்குத் தான் காவலாளியோ என்று தேவனையே கேட்டானே, அந்தச் சொல். கர்த்தர் காப்பார் என்று காலையில் சொல்கிறவர்கள், பகலில் காயீனின் கேள்வியைக் கேட்க முடியாது. மீரியபெத்தையில் தவறியது கர்த்தருடைய காவல் என்று சொல்லுமுன், மனிதர் செய்ய வேண்டிய காவல் என்னவாயிற்று என்று நம்மை நாமே கேட்க வேண்டும்.

சகோதரிகளே, தினத் தியானம் ஆபத்தைத் தடுக்கும் தாயத்து அல்ல. காலையில் ஒரு பகுதியை வாசியுங்கள். சற்று மௌனமாயிருங்கள். பின்பு ஒருவரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அன்று மாலைக்குள் அவருக்காக ஏதாவது ஒன்று செய்யுங்கள். மழைக்காலத்தில் மலையடிவார லயத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு பிள்ளையின் கொப்பி, சீருடை, கோத்தகிரியில் இருக்கும் பழைய தோழிக்கு ஒரு கடிதம், அதுவும் காவல்தான்.

ஜெபிப்போமாக. ஆண்டவரே, உறங்காமல் எங்களைக் காக்கிறவரே, மற்றவர் ஆபத்தில் இருக்கையில் எங்களையும் உறங்கவிடாதேயும். ஆமென்.