செம்பு போன பிறகு



எங்கள் தெருவுக்கு மூன்று சக்கர வண்டியில் பழைய சாமான் எடுக்க ஒரு பெரியவர் வருவார். போன மாதம் பக்கத்து வீட்டில் பழைய டியூப் டிவி ஒன்றை அவரிடம் போட்டார்கள். வாசலிலேயே பின்மூடியைக் கழற்றி, பிக்சர் டியூபின் கழுத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. செம்புச் சுருளை உருவினார். போர்டைப் பிடுங்கிச் சாக்கில் போட்டார்.

"கண்ணாடி?" என்றேன்.

"அதை யாரும்மா எடுப்பாங்க?" என்றார்.

சாயங்காலம் பார்த்தால், டியூப் வாய்க்கால் ஓரம் சில்லுச் சில்லாகக் கிடந்தது.

அது சாதாரணக் கண்ணாடி இல்லை. டிவி ஓடும்போது உள்ளே எழும் எக்ஸ் கதிர் வெளியே வராதிருக்க, டியூபின் பின்புறக் கூம்பில் ஈயம் கலந்திருப்பார்கள். கூம்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடுதான். முழுசாக இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. உடைந்து தூளாகி மண்ணில் சேர்ந்தால்தான் ஆபத்து. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல அதற்கு ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2006 முதல் நம் மாநில அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல். அத்தனையும் டியூப் டிவி. அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த பிள்ளைகள் சொந்த வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கண்ணாடியெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கவலை.

உலகம் முழுவதும் 2022-இல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகள், தயாரித்த நிறுவனத்தையே மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்குகின்றன. நல்ல சட்டம்தான். ஆனால் மறுசுழற்சிச் சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற கணக்கில் தரப்படுகிறது. பெரியவரின் கணக்கும் ஏறக்குறைய அதேதான். ஈயக் கண்ணாடிக்கும் ஒரு விலை வையுங்கள். அவரே பத்திரமாகத் தூக்கிப் போவார்.

பரணில் டியூப் டிவி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வாசலில் உடைக்க விடாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற நிறுவனத்திடம் முழுசாகக் கொடுங்கள்.

வாய்க்கால் ஓரத்துச் சில்லுகளை நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கையுறை போட்டுப் பொறுக்கி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டோம். அந்தப் பெட்டி இப்போது எங்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. வாங்கிக்கொள்ளும் இடத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.