விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பவருக்கும் விளையாட நேரம் வேண்டும்

(பிள்ளைகளுக்கான விளையாட்டு வடிவமைப்பு ஆரம்ப வகுப்பின் தொண்டர்களுக்கும் பெற்றோருக்கும் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



"இருக்கிற வெளையாட்டு போதாதா, அதுக்கு ஒரு வகுப்பு வேறயா?" என்று லயத்தில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நமது ஆடுபுலி ஆட்டத்தையே பாருங்கள். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கும். புலி ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும்? ஆடு ஐந்தைக் குறைத்தால்? பிள்ளைகள் மாற்றி மாற்றி ஆடிப் பார்க்கும்போது விதி, இலக்கு, நியாயம் மூன்றையும் யோசிக்கப் பழகுகிறார்கள். கடதாசியில் இதைச் செய்த பிறகு கணனிக்குப் போகலாம். 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் வெளியிட்ட ஸ்கிராட்ச் இலவசமானது, கணனியில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

ஆனால் இன்று நாம் பேச வந்தது சொல்லிக்கொடுப்பவர்களைப் பற்றி. பகலில் வேலை, பின்னேரம் வகுப்பு, இரவில் ஆயத்தம். முதலில் கைவிடப்படுவது அவர்களுடைய பொழுதுபோக்குத்தான். "வகுப்பு நல்லா நடக்கட்டும், தப்பு அடிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. சில மாதத்தில் அலுப்பு வருகிறது, பிள்ளைகள் மேல் எரிச்சல் வருகிறது, கடைசியில் வகுப்பறைக்குப் பூட்டு விழுகிறது. நட்டம் பிள்ளைகளுக்கே.

பொழுதுபோக்கு வகுப்புக்கு எதிரி அல்ல. டெட்ரிஸ் என்ற விளையாட்டை 1984இல் மொஸ்கோவில் உருவாக்கிய அலெக்ஸி பஜித்னொவ், கட்டங்களைப் பொருத்தும் புதிர்களில் ஆசை உள்ளவர். அந்த ஆசையிலிருந்து பிறந்ததுதான் அந்த விளையாட்டு. நமது காமன் கூத்தில் பாத்திரமும் கதையும் உண்டு. தப்பில் தாளக் கணக்கு உண்டு. அவற்றில் ஈடுபடுகிறவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் புதிதாக ஏதாவது கொண்டுவருவார்.

ஆகவே நாம் சொல்வது இவைதான்:

வகுப்பு வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒரு வகுப்புக்கு இரண்டு பேர் பொறுப்பாக இருங்கள். மாசி மாதம் ஒருவர் கூத்துப் பழகப் போனால் மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் நீங்களே திருத்த வேண்டாம். ஒரு குழு செய்த விளையாட்டை மற்றக் குழு ஆடிப் பார்த்துக் குறை சொல்லட்டும். அதுவும் பாடந்தான். வகுப்பு நேரசூசியை எழுதும்போதே உங்கள் பொழுதுபோக்கு நாளையும் அதில் எழுதிவிடுங்கள்.

தங்கச்சிமார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொழுந்தெடுத்து வந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிறகு வகுப்புக்கும் வருகிறார்கள். அவர்கள் தையலோ வாசிப்போ விரும்பினால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வாரத்தில் ஒரு பின்னேரம் அடுப்படியை அப்பாவோ அண்ணனோ பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

பெற்றோர்களே, "தம்பி, ஞாயித்துக்கெழமையும் வகுப்பு வைக்கலாமே" என்று வற்புறுத்த வேண்டாம். அவர் மைதானத்தில் பந்து விளையாடினால் விளையாடட்டும். திங்கட்கிழமை சிரித்த முகத்தோடு உங்கள் பிள்ளையிடம் வருவார்.

இரண்டாவது பொறுப்பாளராக வர விரும்புவோர் நலன்புரி அலுவலகத்தில் பெயரைக் கொடுக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.