ஒரு கண்ணும் மூன்று துறைகளும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் பேசுகிறவன் கதி என்ன என்பது எனக்குத் தெரியும். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன். "கல்லூரியும் ஆராய்ச்சியும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் கல்லூரியில் விலங்கியல் ஒரு கட்டடம், வேதியியல் இன்னொரு கட்டடம், வணிகவியல் மைதானத்துக்கு அந்தப் பக்கம். மூன்று வருஷம் படித்தும் அந்த மைதானத்தைத் தாண்டிப் போனவர்கள் நம்மில் குறைவு. போனவர்களும் எதற்காகப் போனார்கள் என்பது வேறு கதை. (சிரிப்பு) "அது பி.காம். பசங்க சமாச்சாரம், நமக்கென்ன?" என்றுதான் இருந்தோம். அந்த மைதானத்தைத் தாண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு, நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் உதாரணம் சொல்ல விரும்புகிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத்தான் சொல்கிறேன்.

1918இல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. இளவயதிலேயே முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண் அறுவை நிபுணர் ஆனவர். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு சிறிய மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் அவர் மறைந்தபோது அது உலகத்திலேயே பெரிய கண் மருத்துவ அமைப்புகளில் ஒன்றாகியிருந்தது.

முதலில் நம் வணிகவியல் நண்பர்களுக்கு உரிய பகுதியைச் சொல்லிவிடுகிறேன். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அறுவை செய்யும் டாக்டர்களோ மிகக் குறைவு. அப்படியானால் டாக்டருடைய நேரம் எங்கே வீணாகிறது? அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து டாக்டர் வெங்கடசாமி வியந்தார். எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் ஒரே முறை, ஒரே தரம். கண் வைத்தியத்தையும் ஏன் அப்படி ஒழுங்குபடுத்தக் கூடாது என்று யோசித்தார்.

அரவிந்தின் அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். பெரிய ஓட்டலில் தோசை மாஸ்டர் இலை போடப் போகிறாரா? மாவு ஆட்டப் போகிறாரா? கல்லை விட்டு அசைய மாட்டார் அல்லவா? அதே சூத்திரம்தான். மற்ற வேலைகளைச் செய்ய, பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். பணம் கட்டக்கூடியவர்கள் கட்டுவதை வைத்து, கட்ட முடியாதவர்களுக்கு இலவசம்.

அப்போது உள்விழி லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஏழைக்கு எட்டாத விலை. 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இதையெல்லாம் பாடமாகவே எழுதி வைத்தது. தோசைக்கல் சூத்திரம் பாஸ்டன் வரை போய்விட்டது, பாருங்கள்!

அடுத்து மருத்துவம். இவ்வளவு வேகமாகச் செய்தால் கண்ணுக்குள் சீழ் பிடித்துவிடாதா? இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் போதாது. ஒவ்வொரு அறுவைக்கும் பதிவு வேண்டும். அரவிந்தில் அந்தப் பதிவுகள் இருந்தன. அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற மருந்தைச் செலுத்தினால் தொற்று குறையுமா என்று, சுமார் 6 லட்சம் அறுவைகளின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். மருந்து போடாதவர்களில் 10,000 பேருக்கு 7 பேருக்குத் தொற்று. போட்டவர்களில் 2 பேருக்கு. இவ்வளவு அபூர்வமான ஒரு கெடுதலைச் சின்ன மருத்துவமனையில் நூறு பேரை வைத்து ஆராய்ந்தால் ஒன்றுமே தெரியாது. வேலையை ஒழுங்குபடுத்தியதால் எண்ணிக்கை பெருகியது. எண்ணிக்கை பெருகியதால் மருத்துவ உண்மை ஒன்று தெரிய வந்தது.

மூன்றாவதாகச் சுற்றுச்சூழல். கண் ஆபரேஷனுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டனில் கார்டிஃப் நகர மருத்துவமனையில் கண்புரை அறுவைக்கு ஆகும் கரியமில வாயுவைக் கணக்குப் போட்டு 2013இல் வெளியிட்டார்கள். அதில் பாதிக்கு மேல், வாங்குகிற பொருள்களால் வந்தது. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் அங்கி, விரிப்பு, கருவி, உறை, அந்த உறைக்கு ஓர் உறை!

பிறகு காசாண்ட்ரா தீல் என்ற அமெரிக்கப் பெண் பொறியாளரும் அவருடைய குழுவினரும் அரவிந்தின் இரண்டு மையங்களில் குப்பையை எடை போட்டார்கள். ஆம், ஆராய்ச்சி என்றால் சில சமயம் குப்பையை எடை போடுவதுதான்! 2017இல் முடிவு வந்தது. நவீன முறையில் செய்யும் ஓர் அறுவைக்குக் குப்பை 250 கிராம். ஒரு காராசேவு பொட்டலம் எடை. கரியமில வாயுக் கணக்கில் ஏறத்தாழ 6 கிலோ. ஒரு வண்டி இரண்டரை லிட்டர் பெட்ரோல் குடித்தால் வெளிவிடும் அளவு. பிரிட்டனில் இதே அறுவைக்கு ஆவதில் இது சுமார் 5 சதவீதம்தான். நோயாளிக்குக் கிடைக்கும் பலனோ அங்கே போலத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்று அங்கே யாரும் ஆரம்பிக்கவில்லை. ஏழைக்கும் வைத்தியம் எட்ட வேண்டும், அதற்குச் செலவு குறைய வேண்டும் என்றுதான் துணி அங்கியைத் துவைத்துக் கட்டினார்கள், கருவிகளை நீராவியில் சுத்திகரித்து மறுபடி எடுத்தார்கள், ஒரு சொட்டு மருந்துப் புட்டியைப் பலருக்குப் பயன்படுத்தினார்கள். வணிகவியல் போட்ட கணக்குக்கு விடை சுற்றுச்சூழல் புத்தகத்தில் வந்து நின்றது. அது சரியான விடைதானா என்று சொல்ல மருத்துவத்தின் தொற்றுக் கணக்கு வேண்டியிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். "அரவிந்தே திரும்பப் பயன்படுத்துகிறதாமே, நாமும் செய்வோம்" என்று ஒருவர் கிளம்பினால் அது பேராபத்து. கண் முகாம்களில் சுத்தம் தவறி, வந்தவர்கள் இருந்த பார்வையையும் இழந்த சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. சிக்கனம் தனியாக வந்தால் அது கஞ்சத்தனம், கண்ணைக் குத்திவிடும். கூடவே கணக்கும் வந்தால்தான் அது விஞ்ஞானம். 2022இல் அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கங்கள் சில ஒன்றுகூடி, அறுவைக் கூடத்தில் ஒரு சொட்டு மருந்துப் புட்டியை, உரிய விதிகளின்படி, பலருக்குப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தன. அதற்கு முன் பாதி தீராத புட்டிகள் எத்தனையோ குப்பைக்குப் போயின. அந்தத் தைரியம் கணக்கைப் பார்த்து வந்தது.

ஆக, மூன்று துறையும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டாக்டர் "பாதுகாப்பே முக்கியம், தூக்கிப் போடு" என்பார். கணக்காளர் "செலவைக் குறை" என்பார். சுற்றுச்சூழல்காரர் "குப்பையைக் குறை" என்பார். மூவர் சொல்வதும் நியாயம். ஆனால் மூவரும் ஒரே பதிவேட்டைப் பார்க்காத வரை அது வெறும் பட்டிமன்றம். நம் ஊர்ப் பட்டிமன்றத்திலாவது நடுவர் தீர்ப்புச் சொல்லுவார்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளி விழா நுழைவாயிலா, தங்கப் பதக்கமா என்று நம் சங்க நிதியைப் பற்றிக் காலையில் விவாதம் நடந்தது. நான் மூன்றாவதாக ஒன்று கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவர் ஆய்வுக்குப் பணம் கொடுங்கள். நிபந்தனை இரண்டு. வழிகாட்டும் ஆசிரியர்கள் குறைந்தது இரண்டு துறையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரு வருஷம் முழுக்கத் தவறாமல் எண்ணிப் பதிவு செய்ய வேண்டும்.

என்ன தலைப்பு என்று அலைய வேண்டாம். நம் விடுதிச் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறதே! அங்கே என்ன வாங்குகிறோம், எவ்வளவு மிஞ்சுகிறது என்பது வணிகவியல். கழுவி விடுகிற தண்ணீரும் கொட்டுகிற சோறும் வேதியியல். சாப்பிடுகிற பிள்ளைகளின் ரத்தத்தில் இரும்புச்சத்து இருக்கிறதா என்பது விலங்கியல். ஒரே சாப்பாட்டுத் தட்டில் மூன்று துறையும் இருக்கிறது. அந்த ரசத்தைக் குடித்து வளர்ந்த நமக்கு அதை ஆராய எல்லா உரிமையும் உண்டு. (சிரிப்பு, கைதட்டல்)

மாணவச் செல்வங்களே, பெரிய கருவி இல்லை, வெளிநாட்டுப் பணம் இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். ஒரு தராசு, ஒரு நோட்டுப் புத்தகம், நேர்மை, இவற்றோடு மைதானத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்துக்காரரிடம் "உங்கள் பாடத்தில் இதற்கு என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்கிற மனசு. இது போதும் தொடங்க.

நிதிக் குழுவினர் என் கோரிக்கையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, வயிறு நிறைந்து மனம் குளிர்ந்த நேரத்தில் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.