படையும் ஜோடியும்

2020 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவுக்குப் பயந்து கேரளத்தில் பள்ளிக்கூடங்களையும் தியேட்டர்களையும் மூடிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கூட்டம் கூடாதீர்கள் என்று அரசு படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று இரவு நெடும்பாசேரி விமான நிலைய வாசலில் ஒரு பெரும் கூட்டம் கோஷத்தோடு திரண்டது. வந்து இறங்கியவர் அமைச்சருமல்ல, சினிமா நட்சத்திரமுமல்ல. ரஜித் குமார் என்ற கல்லூரி ஆசிரியர். மலையாள பிக் பாஸ் வீட்டிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர். ஒரு டாஸ்கின்போது ரேஷ்மா என்ற சக போட்டியாளரின் கண்ணில் பச்சை மிளகாயைத் தேய்த்தது அவர்மேல் இருந்த குற்றம். வாசலில் நின்றவர்கள் தங்களை ரஜித் ஆர்மி என்று சொல்லிக்கொண்டார்கள். பெயர் தெரிந்த 4 பேர் மீதும், கண்டால் அடையாளம் தெரியும் 75 பேர் மீதும் போலீஸ் வழக்குப் போட்டது. எர்ணாகுளம் கலெக்டரே முகநூலில் அதை அறிவித்தார். பிறகு ரஜித் குமாரை திருவனந்தபுரம் மாவட்டத்து ஆற்றிங்கலில் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். அந்த வாரமே கொரோனாவால் நிகழ்ச்சி பாதியில் நின்றது. வெற்றியாளர் யாரும் இல்லாமல் ஒரு சீசன் முடிந்துபோனது.

இந்தச் சம்பவத்தைச் சிரித்து ஒதுக்கியவர்கள் அப்போது நிறையப் பேர். எனக்கு அது ஒதுக்கத்தக்கதாகத் தோன்றவில்லை. ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் பார்க்கும் மக்கள் தங்களுக்குள்ளே சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து, அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயரும் ஒரு சட்டதிட்டமும் வைத்துக்கொள்வது இந்தப் பத்தாண்டில் தமிழிலும் மலையாளத்திலும் வளர்ந்த ஒரு கலை. கலை என்று யோசித்துத்தான் சொல்கிறேன். அதில் திறமை உண்டு, மோசமான வேலையும் உண்டு. இரண்டையும் எடை போட்டுப் பார்ப்பதே இன்றைய பேச்சு.

அதே மாவட்டத்து விதுராவில் இருந்துகொண்டு இதைப் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பொன்முடி, போனக்காடு தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். விஜய் டிவியும் ஏசியாநெட்டும் ஒரே ரிமோட்டில் மாறி மாறி ஓடும் வீடுகள் இவை. தமிழ் பிக் பாஸ் ரசிகர் சண்டையும் மலையாள பிக் பாஸ் ரசிகர் சண்டையும் ஒரே திண்ணையில் காதில் விழும். மலையாள பிக் பாஸ் வீடேகூட இரண்டாம், மூன்றாம் சீசன்களில் சென்னைக்குப் பக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில்தான் இருந்தது. 2021-இல் ஊரடங்குக் காலத்தில் அங்கே படப்பிடிப்பு நடந்ததற்காகத் தமிழக அதிகாரிகள் அந்த செட்டுக்கு சீல் வைத்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ரசிகர் கூட்டங்களில் இரண்டு வகை. ஒரு போட்டியாளரைச் சுற்றித் திரள்வது ஒரு வகை, அதை ஆர்மி என்கிறார்கள். இரண்டு பேருக்கு இடையில் இருக்கிற அல்லது இருக்கக்கூடிய அன்பைச் சுற்றித் திரள்வது இன்னொரு வகை, அது ஜோடி ரசிகர்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஜோடி ரசிகர்கள்தான் அசடுகள், ஆர்மிக்காரர்கள் காரியக்காரர்கள். நான் இதைத் தலைகீழாகச் சொல்வேன். நிகழ்ச்சியை உண்மையில் பார்ப்பவர்கள் ஜோடி ரசிகர்கள். ஆர்மி ஒரு கட்டத்துக்குப் பிறகு பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது.

ஆர்மியின் பிறப்பு நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. 2017 ஜூன் கடைசியில் தமிழில் முதல் சீசன் தொடங்கியது. திருச்சூர்க்காரியான ஓவியா அந்த வீட்டில் மற்றவர்கள் கூடிப் பேசி ஒதுக்கும்போது ஒதுங்கிக்கொண்டு, ஆடிக்கொண்டு, நேருக்கு நேர் பேசிக்கொண்டு இருந்தார். சில வாரங்களில் ஓவியா ஆர்மி எங்கும் பேச்சானது. வாக்கு அப்போது கூகுள் தேடல் பக்கத்தில். கடைசி பெஞ்சு மாணவனும் அடுக்களையில் இருக்கும் அம்மாவும் கையிலிருக்கும் போனிலேயே ஓட்டுப் போடலாம். ஓவியாவை எத்தனை முறை நாமினேட் செய்தாலும் அவர் வெளியேறவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மனம் உடைந்து அவராகவே வெளியே வந்தார். அதன்பின் நடந்ததுதான் இந்தக் கலையின் முதல் கறை. வீட்டுக்குள் ஓவியாவோடு மோதிய ஜூலியையும் சக்தியையும் ரசிகர்கள் வெளியே விரட்டத் தொடங்கினார்கள். அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஓவியாவே ஒரு வீடியோவில் கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. யாருக்காக ஆர்மி பிறந்ததோ அவர் சொல்லியே ஆர்மி அடங்க வேண்டிய நிலை அப்போதே வந்துவிட்டது.

ஏன் இப்படி? வாரா வாரம் ஒருவரை வெளியேற்றும் விதியில் காரணம் இருக்கிறது. சீரியலில் மாமியார் பிடிக்கவில்லை என்றால் திட்டலாம், வெளியே அனுப்ப முடியாது. இங்கே முடியும். ஓட்டு எண்ணிக்கையில் ஒருவர் பிழைப்பது மற்றவர் வெளியேறுவதில் இருக்கிறது. அதனால் ஒரு ஆர்மி தன் ஆளைப் புகழ்வதோடு நின்றால் பாதி வேலைதான். எதிராளியைக் கீழே இழுப்பது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியைச் செய்ய நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எதிராளி பேசியதில் ஐந்து நொடியைத் துண்டாக வெட்டினால் போதும்.

பெரியவர்கள் சிலர் இதை எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர் மன்றங்களோடு ஒப்பிடுகிறார்கள். அது பாதிதான் சரி. மன்றத்துக்குத் தெருவும் பலகையும் உண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. கூத்தடித்தால் ஊர்ப் பெரியவர் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று தெரியும். திருவனந்தபுரத்தில் மோகன்லால், மம்மூட்டி ரசிகர் சங்கங்கள் இன்றும் ரத்த தானம் நடத்துகின்றன, பேனரில் பெயர் போட்டுத்தான். இலங்கை வானொலி, சீன வானொலி நேயர் மன்றங்களும் அப்படித்தான், ஊர்ப் பெயர் சொல்லிக் கடிதம் எழுதின. ஆர்மிக்கு முகவரி இல்லை. கண்டால் அடையாளம் தெரியும் 75 பேர் என்று போலீஸ் எழுத வேண்டிவந்ததற்கும் அதுவே காரணம்.

ஜோடிப் பக்கம் வருவோம். இதன் பூர்வீகம் அமெரிக்கா. 1993-இல் தொடங்கிய எக்ஸ்-ஃபைல்ஸ் தொடரில் மல்டர், ஸ்கல்லி என்ற இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள். அவர்களுக்குள் காதல் மலர வேண்டும் என்றவர்கள் ஷிப்பர்கள் என்று ஒரு கூட்டம். வேண்டவே வேண்டாம், அது தொடரைக் கெடுத்துவிடும் என்றவர்கள் நோரோமோ என்று இன்னொரு கூட்டம். அந்தக் காலத்து மெதுவான இணையத்திலேயே இரண்டும் கடுமையாக மோதின. மல்டராக நடித்த டேவிட் டுகோவ்னிக்கு மட்டும் ரசிகைகளின் தனிப் பிரிகேட் ஒன்றும் இருந்தது. ஆக, படை என்று பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் முளைத்ததல்ல. கவனிக்க வேண்டியது, ஷிப்பரும் நோரோமோவும் சண்டையை எதை வைத்துப் போட்டார்கள் என்பது. ஒரு பார்வை, ஒரு கை தொடுதல், ஒரு காட்சியில் குடையை யார் பிடித்தார்கள் என்பதுபோன்ற நுணுக்கங்கள். தொடரை மறுபடி மறுபடி பார்க்காமல் அந்தச் சண்டையில் இறங்கவே முடியாது.

2018-இல் மலையாள முதல் சீசனில் பேர்ளி மாணியும் ஸ்ரீநிஷ் அரவிந்தும் காதலித்தபோது நம் பக்கத்திலும் இதுவே நடந்தது. ரசிகர்கள் இரண்டு பெயரையும் சேர்த்துப் பேர்ளிஷ் என்றார்கள். வீட்டுக்குள்ளேயே சிலர், இது ஆட்டத்தில் பிழைக்கப் போட்ட நாடகம் என்று குற்றம் சாட்டினார்கள். வெளியே நம்புகிறவர், நம்பாதவர் என இரண்டாகப் பிரிந்தார்கள். யார் எப்போது யாரிடம் என்ன சொன்னார்கள் என்று இரு தரப்பும் ஒவ்வொரு எபிசோடையும் வக்கீல் கட்டு மாதிரி வைத்துக்கொண்டு வாதாடினார்கள். அந்த சீசனில் சாபுமோன் வென்றார், பேர்ளி இரண்டாம் இடம். 2019 மே மாதம் தேவாலயத்தில் ஒன்றும் இந்து முறைப்படி ஒன்றுமாகத் திருமணம் நடந்தபோது நம்பாதவர்களின் வழக்கு தள்ளுபடியானது. நம்பாதவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் சந்தேகம் இல்லையென்றால் நம்பியவர்கள் அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

தமிழில் 2019-இல் கவினும் லாஸ்லியாவும். லாஸ்லியா இலங்கையில் செய்தி வாசித்தவர். அவருடைய அப்பா பல வருடங்கள் கழித்து மகளைப் பார்க்க அந்த வீட்டுக்குள் நுழைந்து கோபப்பட்ட எபிசோடு, ஜோடி ரசிகர்களுக்கு இடி விழுந்த நாள். காதலை ரசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தப் பெண்ணுக்கு வெளியே ஒரு குடும்பம் காத்திருக்கிறது என்ற உணர்வு அந்த ஒரு மணி நேரத்தில் வந்தது. கவின் கடைசியில் 5 லட்சம் ரூபாயை எடுத்துக்கொண்டு தானே வெளியேறினார். அந்த ஜோடி நிஜத்தில் சேரவில்லை. ஆனாலும் அவர்களை வைத்து ரசிகர்கள் செய்த எடிட் வீடியோக்களை இன்றும் பார்க்கலாம். மெதுவாக்கிய ஒரு பார்வை, அதன்மேல் ஒரு பழைய பாட்டு, சரியான இடத்தில் ஒரு வெட்டு. சிலவற்றில் சினிமா எடிட்டர் வெட்கப்படும் அளவு நயம்.

இரண்டு வகையும் ஒன்றாகக் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. மலையாள நான்காம் சீசனில் ராபின் ராதாகிருஷ்ணன் என்ற டாக்டருக்குப் பெரிய ஆர்மி. தில்ஷா பிரசன்னன் மேல் தனக்குள்ள விருப்பத்தை அவர் மறைக்கவில்லை. ஜோடி ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரியாஸ் சலீம் என்ற சக போட்டியாளரைத் தாக்கியதற்காக ராபின் வெளியேற்றப்பட்டார். ஆள் போனபின் ஆர்மியின் ஓட்டு எங்கே போகும்? தில்ஷாவுக்குப் போனது என்பது அப்போது பரவலான பேச்சு. அவர் வென்றார். மலையாள பிக் பாஸில் கோப்பை வாங்கிய முதல் பெண். வெளியே வந்த தில்ஷா கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான், ஓட்டுப் போட்ட கையே கல் எறிந்தது. எங்கள் ஓட்டில் ஜெயித்துவிட்டு என்று தொடங்கும் வசை ஆயிரக்கணக்கில். கொடுத்த ஓட்டுக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையை வட்டியாகக் கேட்கும் இந்த மனம், நான் இதுவரை சொன்னதிலெல்லாம் மிக அசிங்கமானது. மிளகாய் விஷயத்தைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன். அங்கே ஒரு ஆளின் தவறை மறைக்கப் பார்த்தார்கள். இங்கே தவறே செய்யாத ஒருத்தியைத் தண்டித்தார்கள்.

அதே சீசன்தான் இந்தக் கலைக்கு ஒரு நல்ல கருவியையும் கொடுத்தது. 24 மணி நேர நேரலை. அதுவரை சேனல் வெட்டிக் காட்டிய ஒரு மணி நேரம்தான் ரசிகனுக்குத் தெரியும். இப்போது முழு நாளையும் பார்த்துவிட்டு, இரவு ஒளிபரப்பில் எது விடுபட்டது, எது முன்பின்னாக ஒட்டப்பட்டது என்று பக்கத்துப் பக்கம் வைத்துக் காட்டுகிறார்கள். ஒருவர் அழுததற்குக் காரணம் வேறொரு பேச்சு, ஒளிபரப்பில் காட்டியது வேறு என்று நிரூபிக்கிறார்கள். பத்திரிகைகளில் டிவி விமர்சனம் என்று வருவதில் இந்த உழைப்பு அபூர்வம். தூங்காமல் உட்கார்ந்து இதைச் செய்பவர்களில் ஜோடி ரசிகர்களைத்தான் நான் அதிகம் காண்கிறேன். அவர்களுக்கு ஓட்டைவிட நடந்தது என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

கடைசியாக, இப்போது சூடாக இருக்கும் விஷயம் பி.ஆர். போட்டியாளர் வீட்டுக்குள் போகும் முன்பே பணம் கொடுத்து வெளியே ஆள் வைத்துவிட்டுப் போகிறார், ஆர்மி என்பதே கூலிக்கு எழுதுகிற கூட்டம் என்ற குற்றச்சாட்டு. 2025-இன் மலையாள ஏழாம் சீசனில் அது வீட்டுக்குள்ளேயே பெரிய சண்டையானது. அந்தச் சண்டையின் நடுவில் இருந்த அனுமோள்தான் கடைசியில் வென்றார். அவர் நமக்கு அடுத்த ஆரியநாட்டுக்காரர். இந்தப் பக்கத்தில் அவருக்கு விழுந்த ஓட்டுகளில் ஒரு பங்கு ஆர்மியும் அல்ல, ஜோடியும் அல்ல, பி.ஆரும் அல்ல. நெடுமங்காடு பஸ்ஸில் ஏறினால் தெரியும், நம்ம பிள்ளை என்ற ஒரே காரணம். அந்தக் கூட்டத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை, அவர்களும் வைத்துக்கொள்ளவில்லை. சீசன் முடிந்த மறுநாள் கலைந்தும் போனார்கள்.