விடுபட்ட 25 எழுத்துகள்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவன் இதயத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. காரணம் இருக்கிறது. எங்கள் செட்டில் ஒருவன் இன்றைக்கு வரவில்லை. ஹாஸ்டல் வாலிபால் டீமில் அவன்தான் ஸ்மாஷர். சிகரெட், குடி எதுவும் கிடையாது. 34 வயதில், காலையில் நடக்கப் போன இடத்தில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்கப் போனபோது அவன் அம்மா, "அவங்க அப்பாவும் இப்படித்தான் தம்பி போனாரு, 41 வயசுல" என்றார். நாலு வருஷம் ஒரே ரூமில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

அதற்குப் பிறகுதான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

இதயத் தசையில் மயோசின் என்ற புரதம்தான் இழுக்கிற எஞ்சின். அந்த இழுப்பை அளவோடு வைக்கிற கவர்னர் மாதிரி இன்னொரு புரதம் உண்டு. அதற்கான டிராயிங் எம்ஒய்பிபிசி3 என்ற ஜீனில் இருக்கிறது. நம் மரபணுத் தொகுதியில் மொத்தம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். சிலருக்கு இந்த ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அதனால் புரதத்தின் வால் பகுதி தப்பாக அமைந்துவிடுகிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணி, ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் முதலானோர் 2009-ல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் இதை எழுதினார்கள். இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் 100-க்கு 4 பேரிடம் இந்த விடுபாடு இருக்கிறது. அதாவது சுமார் 6 கோடிப் பேர். இவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. இளம் வயதில் ஒன்றும் தெரியாது. வயது ஏற ஏறத்தான் தொல்லை தலைகாட்டும். வெள்ளைக்காரர்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது அகப்பட்டிருக்காது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தகவல்கள் 2025 ஜனவரியில் வெளியிடப்பட்டதன் அருமை இதில்தான் இருக்கிறது.

பயப்பட வேண்டாம். டிராயிங்கில் தப்பு இருந்தால் எல்லா மெஷினும் உடைந்துவிடுவதில்லை. இந்த விடுபாடு உள்ளவர்களில் பலர் ஒரு தொல்லையும் இல்லாமல் இருக்கிறார்கள். அதே ஜீனில் இன்னொரு சிறு மாற்றமும் சேரும்போதுதான் இதயம் அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று 2018-ல் சக்திவேல் சடயப்பன் குழுவினர் எழுதினார்கள்.

என் நண்பனுக்கு இதுதானா என்று கேட்டால், பதில் இல்லை. யாரும் அவனைச் சோதிக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. "ரெண்டு பேருக்கும் எக்கோ எடுத்துடலாம்மா" என்றேன். அம்மா ஒரேயடியாக மறுத்தார். "பொண்ணுக்கு வரன் பாக்குறோம். இதய நோய்க் குடும்பம்னு பேர் வாங்கிக் கொடுக்காதீங்க தம்பி." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டு மாதம் கழித்துத் தம்பியே போன் செய்தான். போனோம். தங்கைக்கு ஒன்றுமில்லை. தம்பிக்கு இதயச் சுவர் தடித்திருக்கிறது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், வருடா வருடம் காட்டுகிறான், நன்றாக இருக்கிறான். நண்பனின் பெயரைச் சொல்லாமல் பேசுவதும் அந்த அம்மா கேட்டுக்கொண்டதால்தான்.

உங்கள் வீட்டில் ரத்த சொந்தம் யாராவது 50-க்குள் திடீரென்று போயிருந்தால், ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள். ஜீன் சோதனை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இந்த மலரில் எல்லோருடைய முகவரியும் போன் நம்பரும் இருக்கின்றன. பேசும்போது எங்கே வேலை, என்ன சம்பளம் என்பதோடு, "அப்பா எப்படி இருக்காருடா?" என்றும் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.