குழந்தைக்குப் பேச்சைக் கொடுத்தது யார்?

(எக்கியார்குப்பத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கடலில் வலை போடுகிறவர்களையும், மரக்காணத்து உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் பேச்சு வருவதைப்பற்றிப் பேசுவானேன், கூலியைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசக்கூடாதா என்று கேட்கலாம். அதுவும் பேச வேண்டியதுதான். ஆனால் இந்தப் பேச்சு விஷயத்திலும் நெடுங்காலமாக ஒரு பொய் உங்கள் தலையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் உங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய நஷ்டம் நேருகிறது. அதை இறக்கி வைக்கவே இதைப் பேசுகிறோம்.

அந்தப் பொய் என்னவென்றால், நல்ல பேச்சும் இலக்கணமும் சில பிறவிகளுக்கே வரும் என்பது. கடற்கரையில் வசிப்பவனுக்கும் அளத்தில் வேலை செய்பவனுக்கும் வருவது வெறும் கொச்சை என்பது. குழந்தையின் நாக்கில் சரஸ்வதி எழுதுவதால்தான் அது பேசுகிறது என்பது. பேசாத குழந்தை பிறந்தால் அது முன்ஜென்ம வினை என்பது. இவையெல்லாம் ஒரே பொய்யின் கிளைகள். இவற்றுக்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று இன்று பார்ப்போம்.

இலக்கணம் சொல்லிக் கொடுத்தது யார்?

தாய்மார்களையே கேட்கிறோம். உங்கள் குழந்தைக்கு “இது எழுவாய், இது பயனிலை” என்று யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா? இல்லை. அப்படியிருந்தும் நாலு வயதுக்குள் அது, “அப்பா வந்தாரு”, “தங்கச்சி வந்தா”, “பூனை வந்துச்சு” என்று ஆளுக்குத் தகுந்தபடி வால் மாற்றிப் பேசுகிறது. வயது வந்த பிறகு தமிழ் கற்க வரும் வெளிநாட்டார் இதே வால்களை மனப்பாடம் செய்ய எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள்! இன்னும் அரைஞாண் கயிறோடு திரியும் பிள்ளைக்கு அது எப்படி வந்தது?

பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லுகிறது என்பீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். “எனக்குத் தா” என்று கேட்பதற்குப் பதில், சிறு பிள்ளை சில சமயம் “நானுக்குத் தா” என்று கேட்கும். நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த வார்த்தையை அது யாரிடம் கேட்டது? தகப்பன் சொன்னதில்லை, தாய் சொன்னதில்லை, தெருவில் ஒருவரும் சொன்னதில்லை. “அவனுக்கு”, “அண்ணனுக்கு”, “மாமனுக்கு” என்று கேட்டு, அதிலிருந்து ஒரு விதியைத் தானே உண்டாக்கி, “நான்” என்பதிலும் போட்டுப் பார்க்கிறது. ஆகவே அந்தத் தப்பு, தப்பே அல்ல. உள்ளே ஓர் இலக்கணம் வேலை செய்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. வெறும் கிளிப்பிள்ளைக்கு இந்தத் தப்பு வராது.

இன்று வீட்டுக்குப் போனதும் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு நண்டைக் காட்டி, உலகத்தில் இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். “இந்த நண்டு இப்போ சிமுக்குது. நேத்தும் இதே வேலைதான் பண்ணுச்சு. நேத்து என்ன பண்ணுச்சு?” என்று நாலைந்து வயதுப் பிள்ளையைக் கேளுங்கள். “சிமுக்குச்சு” என்று சொல்லும். அந்தச் சொல்லை அது பிறந்தது முதல் கேட்டதில்லை. ஆனாலும் நேற்றைய காலத்துக்கு மாற்றத் தெரிகிறது. அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்ற அம்மையார் இதே மாதிரிப் பொய்ச் சொற்களைக் கொண்டு குழந்தைகளைச் சோதித்து, 1958-ஆம் வருஷத்தில் அதன் முடிவை வெளியிட்டார்.

இன்னொன்று. “தாத்தா வந்தாரு” என்பதைக் கேள்வியாக்க, “தாத்தா வந்தாரா?” என்று குழந்தை கடைசியில் ஓர் “ஆ”வை ஒட்டும். “வலை பின்னுற தாத்தா வந்தாரு” என்பதில் பின்னுவது, வருவது என்று இரண்டு செய்கைகள் இருக்கின்றன. முதல் செய்கைச் சொல்லோடு குழந்தை “ஆ”வை ஒட்டி உளறுகிறதா? நாம் கேட்டவரையில் இல்லை. “வலை பின்னுற தாத்தா வந்தாரா?” என்றுதான் கேட்கும். எந்தச் சொல் வாக்கியத்தின் தலை, எது அதற்குள் அடங்கிய கிளை என்று எண்ணத் தெரியாத வயதில் அதற்குத் தெரிந்திருக்கிறது.

அறிஞர்கள் கண்டது

இந்த அதிசயத்தை முன்வைத்து ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனநூல் பேராசிரியர், பழக்கமும் பரிசுமே பேச்சை உண்டாக்குகின்றன என்று 1957-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். நோம் சாம்ஸ்கி என்பவர் 1959-ல் அதை மறுத்தார். குழந்தை கேட்பது கொஞ்சம். அதிலும் பாதி குறையும் முறிவுமான பேச்சு. அப்படியிருக்க அது கேட்காத ஆயிரம் வாக்கியங்களைச் சரியாகப் பேசுகிறதென்றால், மொழியைக் கட்டும் அமைப்பு ஒன்று மனித மூளையிலேயே பிறவியில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். உலகத்து மொழிகளெல்லாம் மேலுக்கு வேறாகத் தோன்றினாலும் அடியில் ஒரு பொதுவான அமைப்பு இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

உங்களுக்குத் தெரிந்த உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உப்புக்கல்லை உற்றுப் பார்த்தால் பகடை மாதிரி சதுர முகங்களோடு இருக்கும். அதை யார் செதுக்கினீர்கள்? ஒருவரும் இல்லை. அந்த வடிவம் உப்பின் குணம். ஆனால் நீங்கள் பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, வெயிலும் காயாவிட்டால் அந்தக் கல் விளையாது. மொழியும் அப்படித்தான். கட்டும் குணம் பிறவியில் இருக்கிறது. விளைவதற்குச் சுற்றியிருப்பவர்களின் பேச்சு வேண்டும். தமிழ் கேட்டால் தமிழ், தெலுங்கு கேட்டால் தெலுங்கு.

இங்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். பிறவியில் உள்ளது இலக்கணத்துக்கென்றே ஏற்பட்ட தனி அமைப்பா, அல்லது எதையும் கவனித்து ஒழுங்கு கண்டுபிடிக்கும் பொது அறிவா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை தீரவில்லை. எட்டு மாதக் குழந்தை, ஓயாத ஒலியோட்டத்தில் எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி அதிகம் வருகிறதென்று கணக்கிட்டே சொற்களைப் பிரித்தெடுக்கிறது என்று 1996-ல் காட்டினார்கள். டொமசெல்லோ என்பவர் 2003-ல் எழுதிய நூலில், தனி இலக்கண அமைப்பு தேவையில்லை என்றே வாதித்தார். நாம் புராணத்தை விட்டுவிட்டு சாம்ஸ்கியை ரிஷியாக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கட்சியாரும் ஒப்புக்கொள்ளுவது ஒன்று உண்டு: மொழி கற்கும் சக்தி மனித ஜாதி முழுமைக்கும் பொது. அது நமக்குப் போதும்.

ராஜாக்கள் செய்த சோதனை

ஆதியில் கடவுள் கொடுத்த பாஷை எது என்று கண்டுபிடிக்கப் பழைய அரசர்கள் குழந்தைகளையே பலியாக்கினார்கள். எகிப்து அரசன் ஒருவன் இரண்டு சிசுக்களை ஆட்டிடையனிடம் விட்டு, பேச்சே காட்டாமல் வளர்த்தான் என்று கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் அக்பர் பாதுஷாவும் கைக்குழந்தைகள் பலரை ஒரு மாளிகையில் அடைத்து, பேசாத தாதிகளைக் கொண்டு வளர்க்கச் செய்தார். 1582-ல் போய்ப் பார்த்தபோது அங்கு ஒரு பாஷையும் பிறந்திருக்கவில்லை. சமஸ்கிருதமும் இல்லை, அரபியும் இல்லை, ஊமைத்தனமே இருந்தது. அதற்கு ஊமை மாளிகை என்றே பேர் வந்தது. எந்தப் பாஷையாவது தெய்வ பாஷையாக இருந்திருந்தால் அந்தத் தெய்வம் அன்று அந்தக் குழந்தைகள் வாயில் வந்திருக்க வேண்டாமா?

இதற்கு மறுபக்கமும் ஒன்று நடந்திருக்கிறது. மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா தேசத்தில், 1977-ஆம் வருஷம் முதல் மனாகுவா நகரத்தில் காது கேளாத பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் பாஷை கற்க வேண்டுமென்று வாத்தியார்கள் பாடுபட்டார்கள், அது பலிக்கவில்லை. ஆனால் மைதானத்திலும் வண்டியிலும் பிள்ளைகள் தங்களுக்குள் கைச்சாடை காட்டிக்கொண்டார்கள். முதலில் வந்தவர்களின் சாடை கரடுமுரடாக இருந்தது. அதைக் கண்டு வளர்ந்த அடுத்த சிறு பிள்ளைகள், யாரும் சொல்லிக்கொடாமலே, ஒழுங்கும் விதியுமுள்ள முழு மொழியாக அதை ஆக்கிவிட்டார்கள். பண்டிதர் இல்லை, சாஸ்திரம் இல்லை. மொழியைச் செய்தவர்கள் குழந்தைகள்!

தனியே அடைத்தால் ஊமை. கூடி விளையாட விட்டால் மொழி. இந்த இரண்டு பாடத்தையும் மறக்காதீர்கள்.

உயர்ந்த நாக்கு, தாழ்ந்த நாக்கு

சில ஒலிகள் உயர்ந்த பிறவியின் நாக்கில்தான் திருந்த வரும் என்பார்கள். கானடா தேசத்தில் இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் இந்தி ஒலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்து 1984-ல் வெளியிட்டார்கள். நம் “பத்து”, “பட்டு” இவற்றிலுள்ள வித்தியாசம் போன்ற வித்தியாசம் அது. இங்கிலீஷ் பேசும் பெரியவர்கள் காதுக்கு அது சரியாகப் பிடிபடுவதில்லை. ஆனால் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பிடிபட்டது! பத்துப் பன்னிரண்டு மாதமாகும்போது, வீட்டில் கேட்காத காரணத்தால் அந்தச் சக்தி மங்கிவிட்டது. அதாவது, பிறக்கும்போது காது எந்த ஜாதிக்கும் எந்த தேசத்துக்கும் அடிமையல்ல. பிறகு வீடுதான் அதை ஆக்குகிறது.

அப்படியானால் குப்பத்துப் பேச்சு கொச்சை என்பது என்ன நியாயம்? உங்கள் பேச்சில் காலம் உண்டு, இடம் உண்டு, ஒருமை பன்மை உண்டு. விதியில்லாத பேச்சை எந்தக் குழந்தையும் கற்க முடியாது. உங்கள் குழந்தை கற்கிறது, ஆகவே விதி இருக்கிறது. புஸ்தகத் தமிழ் வேறு வழக்கு. எழுத்து வேறு வித்தை. பேச்சு தானே வரும், எழுத்து கற்றால்தான் வரும். ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே தீர வேண்டும். ஆனால் அங்கே அது வீட்டுப் பேச்சைப் பேசியதற்காக யாராவது சிரித்தால், அது பிள்ளையின் குறையல்ல, சிரித்தவரின் அறியாமை. வெட்கப்பட்டு வாய்மூடும் பிள்ளை படிப்பையும் மூடிவிடும்.

பேசாத குழந்தை

கடைசியாகச் சொல்லுவதே முக்கியமானது. பேசாத குழந்தைகளில் பலருக்கு நாக்கில் கோளாறு இல்லை, காது கேட்பதில்லை. கேட்காததால் பேச்சு விளையவில்லை. அதற்கு வசம்பு உரசுவதும், வேலை நாக்கில் குத்துவதும், வேண்டுதல் முடிவதும், “தகப்பனும் லேட்டாகத்தான் பேசினான், தானே வரும்” என்று காத்திருப்பதும் என்ன பலன் தரும்? போவது காலம். மொழி விளைவதற்குரிய பருவம் முதல் சில வருஷங்களே. வெயில் காலம் போன பிறகு அளத்தில் நீர் பாய்ச்சினால் உப்பு எடுப்பீர்களா?

ஆகவே குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் காதைச் சோதிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் குறையை நிச்சயிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பதே வைத்திய முறை. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்குக் கருவிகள் உண்டு. காதுக்குள் கருவி பொருத்தும் சிகிச்சையைச் சிறு குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். அதோடு கைமொழியையும் வெறுக்காதீர்கள். அது குரங்குச் சேஷ்டை அல்ல, இலக்கணமுள்ள மொழி. 2015-ல் டில்லியில் இந்திய சைகை மொழிக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அதன் அகராதி 2021-ல் 10,000 சொற்களை எட்டியது. காதால் வராத மொழி கண்ணால் வரட்டும். வீட்டார் அனைவரும் கைமொழி கற்றுக்கொண்டு அந்தக் குழந்தையோடு பேசுங்கள். இல்லாவிட்டால் நம் வீட்டிலேயே ஓர் அக்பர் மாளிகையைக் கட்டியவர்களாவோம்.

முன்ஜென்ம வினை என்று பழிபோடுவதைவிட இந்த ஜென்மத்துக் காரியங்களைப் பாருங்கள். அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகள் என்று நெருங்கிய இரத்தத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்வது பிறவிச் செவிடு உண்டாவதற்கு இடங்கொடுக்கிறது. கர்ப்பிணிக்கு வரும் ரூபெல்லா அம்மையும் அப்படியே. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. “சொத்து வெளியே போகக்கூடாது” என்று செய்யும் கல்யாணத்தில் குழந்தையின் காது போகலாமா?

தோழர்களே! நாம் சொன்னதற்காக நம்பாதீர்கள். வீட்டுக்குப் போய் நண்டைக் காட்டி உங்கள் பிள்ளையையே கேட்டுப் பாருங்கள். அது “சிமுக்குச்சு” என்று சொல்லும்போது, சரஸ்வதியும் இல்லை, குலமும் இல்லை, மனிதனாகப் பிறந்ததே அதற்கு யோக்கியதை என்பது உங்களுக்கே விளங்கும். பதில் சொல்லாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று இருக்குமானால், நாளைக் காலையில் கடலும் அளமும் ஒரு நாள் காத்திருக்கட்டும்; அதை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.