செடியின் அடையாளம் சொல்லத் தெரிய வேணும்

(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்டத்து மருத்துவத் தாதி ஒருவர் பேசியது)



மலையில் கொழுந்து எடுக்கும் உங்களுக்கு ரெண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றின இலை எது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கண் பார்க்க முந்தியே விரல் கண்டுபிடித்துவிடும். ஆனால் லயத்து வாசலில் நிற்கிற செடியைக் காட்டிக் கேட்டால், "அது ஏதோ பூச்செடிங்க" என்று சொல்லிவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

பல வருசத்துக்கு முன், நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் நாலு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். முகம் சிவந்து, வாய் காய்ந்து, கண்ணின் கருமணி பெரிதாகி, பெற்ற தாயையே தெரியாமல் பிதற்றினான். "என்ன தின்றான்?" என்று கேட்டேன். "ஏதோ காயை மென்னுட்டான் மிஸ்ஸி." "என்ன காய்?" "பச்சைக் காய்ங்க." தோட்டத்தில் பச்சையாக இல்லாத காய் எது? அப்போது அவனுடைய அம்மாயி, இடுப்பில் கட்டியிருந்த படங்குக்குள்ளிருந்து ஒரு கொப்பை எடுத்து நீட்டினார். உருண்டைக் காய், சுற்றிலும் முள். ஊமத்தை! அந்தக் கொப்போடுதான் பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டான்.

ஆகவே செடியைப் பார்க்கும்போது நாலு விசயத்தை வரிசையாகப் பாருங்கள். முதலில் இலை: தனியாக வருகிறதா, எதிர் எதிராக வருகிறதா, ஓரம் வாள் பல் போல இருக்கிறதா? இரண்டாவது, முறித்தால் பால் வருகிறதா? மூன்றாவது பூ: எத்தனை இதழ், நிமிர்ந்து நிற்கிறதா, தொங்குகிறதா? நான்காவது காய்: முள் உண்டா, உள்ளே விதை எப்படி? தொட்டுப் பாருங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். நாக்கில் மட்டும் வைக்க வேண்டாம்.

இப்போது ஊமத்தையையே எடுப்போம். இது இடுப்பளவு வளரும் செடி. குழல் போன்ற பூ மேலே பார்த்து நிற்கும், காயில் முள் இருக்கும். நுவரெலியாப் பக்கம் ஓடைக்கரையில் இன்னொன்று நிற்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த சாதி. அது ஆள் உயரத்துக்கு மேல் மரம் போல வளரும். பெரிய வெள்ளைப் பூ, மணி கட்டித் தொங்கவிட்டது போல் கீழே தொங்கும். வாசம் நல்ல வாசம். ஆனால் ரெண்டிலும் இருப்பது ஒரே மாதிரி நஞ்சு.

அடுத்தது மரவள்ளியும் ஆமணக்கும். ரெண்டுக்கும் இலை விரித்த கை போல இருக்கும். மரவள்ளி இலையில் விரல்கள் ஏறக்குறைய அடிவரை பிரிந்திருக்கும், ஓரம் மழமழப்பு. ஆமணக்கு இலை அவ்வளவு ஆழமாகப் பிரியாது, ஓரமெல்லாம் பல். அதன் காய் வெடித்தால் புள்ளி போட்ட, பளபளப்பான விதை விழும். பார்க்க அழகாக இருப்பதால் பிள்ளைகள் பொறுக்குவார்கள். மென்றால் ஆபத்து.

மூன்றாவதைக் கவனமாகக் கேளுங்கள். கார்த்திகைப் பூக்கொடி. ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கி, மஞ்சளும் சிவப்புமாக நெருப்பு மாதிரி இருக்கும். இலையின் நுனி சுருண்டு வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறும். வத்தாளை இலைக்கு அப்படி நுனி கிடையாது; அது தரையில் படரும், முறித்தால் பால் வரும். கார்த்திகைக் கொடி காய்ந்து போன பிறகு மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும். அதை வத்தாளை என்று அவித்துத் தின்று இறந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. அந்தக் கிழங்கு ரெண்டாகக் கவர் விட்டு, கலப்பை போல வளைந்திருக்கும். அதனால்தான் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். சிங்களத்தில் நியங்கலா என்பார்கள். பாருங்கள், பெயர் ஊருக்கு ஊர் மாறும், அடையாளம் மாறாது. நீங்கள் நடாத கிழங்கு எதுவானாலும் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

பிள்ளை ஏதாவது தின்றுவிட்டால் வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுங்கள். வாந்தி எடுக்க வைக்கிறோம் என்று உப்புத் தண்ணி பருக்காதீர்கள். "ஒன்றும் செய்யல்லையே, விடியட்டும்" என்று காத்திருக்கவும் வேண்டாம். இலை, பூ, காயோடு ஒரு கொப்பை முறித்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. வைத்தியர் அங்கே தொலைபேசியில் விசாரிக்கலாம். ஆனால் தொலைபேசியில் செடி தெரியாது. நாம் சொல்லும் அடையாளம்தான் அவர்களுக்குக் கண்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். ஒவ்வொரு செடியையும் காட்டி அடையாளம் சொல்ல வையுங்கள். கொழுந்து பார்க்கிற கண் நம் பிள்ளையையும் காப்பாற்றட்டும்.